நாலு மணிச் செவிடு

அத்தியாயம் 9

"டொக்."

ஒரே ஒரு சத்தம்தான். ஆனால் வாலு பதினோரு வருஷம் பார்சல் வண்டி ஓட்டியவன். பூட்டைத் திறக்கிற சத்தம், பூட்டைப் பூட்டுகிற சத்தம், ஆள் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லாத மாதிரி தாழ்ப்பாள் போடுகிற சத்தம், மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரித்துச் சொல்வான்.

"அக்கா, நம்மளை வெச்சுப் பூட்டிட்டாங்க."

"தெரியுது. கத்தாதே. காத்து கம்மி" என்றார் சல்லடை, தலையைக்கூடத் திருப்பாமல்.

அடுத்த நொடி ஒரு சத்தம் நின்றுபோனது. சுவரில் உறுமிக்கொண்டிருந்த ஏசி. அதன் சுவிட்ச் வெளியே.

வாலு கதவில் தோளால் மோதினான். கதவு அசையவில்லை. தோள்தான் அசைந்தது. உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும். கீல்கள் வெளியே. ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி, அதன் நடுவில் இன்டர்நெட் டவர், டவரின் காலடியில் இந்த இரும்பு அறை. இரண்டு கட்டில் போட்டால் மூன்றாவதுக்கு இடமில்லை. ஜன்னல் கிடையாது. மேலேயிருந்து கேபிள் இறங்குகிற ஓட்டையைக்கூட நுரை பீய்ச்சி அடைத்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்க அடுக்கு அடுக்காகப் பெட்டிகள். அத்தனையும் பச்சைப் பச்சையாகக் கண்ணடித்துக்கொண்டு, அத்தனையும் சூடு விட்டுக்கொண்டு.

கதவைச் சாத்தியது யார்? வாலுவேதான். 'கதவைச் சாத்தி வைக்கவும்' என்று போர்டு இருந்தது, ஏசி வேறு ஜில்லென்று இருந்தது. வெயிலில் ஆறு மாடி படியேறி வந்தவன் அதில் சொக்கிப் போனான்.

போனை எடுத்தான். ஒரு கோடுகூட இல்லை.

"ஊருக்கே நெட்டு குடுக்கற டவர் இது, அக்கா. அதோட வயித்துக்குள்ள உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்க முடியல."

"நாலு பக்கமும் இரும்பு. எப்படி வரும்? மணி என்ன?"

"மூணு பத்து."

அப்போதுதான் சல்லடை திரும்பினார். ஐம்பதைத் தாண்டிய முகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், எரிந்த கடைகளையும் தானாகக் கவிழ்ந்த லாரிகளையும் சலித்துச் சலித்துப் பார்த்தவர் என்பதால் வந்த பெயர். இப்போது வாலுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறிகிறார். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும் என்பது வாலுவின் கட்சி.

"அஞ்சு மணிக்கு அந்தப் பையன் கையெழுத்துப் போட்டுடுவான்" என்றார் அவர்.

அந்தப் பையன் என்றால் ஏணி. சின்னக் கம்பெனியின் டவர் ஏறும் ஆள். பக்கத்து அறைக்குப் போவதைப் போல எண்பது அடி ஏறி இறங்குவான் என்று வைத்த பெயர். நாலு மாதம் முன்னால் இந்த டவரில் சின்னக் கம்பெனியின் ஆண்டெனாவை மாட்டினான். அதற்கு மேலே ஏற்கெனவே பெரிய கம்பெனியின் ஆண்டெனா இருந்தது. மூன்று வாரமாக, தினமும் நாலு மணி ஆனால் போதும், பெரிய கம்பெனியின் ஆண்டெனாவுக்குக் காது அடைத்துவிடும். அதை நம்பி முந்நூறு பேர் போனில் பேசிக்கொண்டிருக்கிற சேவை மையத்தில் அத்தனை பேச்சும் பாதியில் அறுந்துவிடும். நாலரைக்குத் தானாகச் சரியாகும்.

பழி நேராக ஏணியின் தலையில் இறங்கியது. ரொம்பப் பக்கத்தில் மாட்டிவிட்டான், ஒன்று இன்னொன்றின் காதில் கத்துகிறது என்றார்கள். இன்று அஞ்சு மணிக் கூட்டத்தில் 'தப்பு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு இல்லை. ஆனால் டவர் ஏறுகிற அனுமதி அட்டை போய்விடும். அந்த அட்டை போனால், அந்தத் தொழிலில் எவனும் அவனை ஒரு ஸ்டூல் மேல்கூட ஏற விடமாட்டான்.

காலையில் ஏணியின் மனைவிதான் சல்லடையைத் தேடி வந்தாள். மேஜைமேல் ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவை வைத்தாள்.

"இது அவரோட கலருங்க. ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடிச்சதும், நட்டு மேலயும் போல்ட்டு மேலயும் சேர்த்து ஒரு கோடு இழுத்து விடுவாரு. அப்புறம் யாராச்சும் திருப்பினா கோடு உடைஞ்சு தனித்தனியா நிக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கலரு. இவருக்கு ஆரஞ்சு. கோடு உடைஞ்சிருக்கான்னு பார்த்து மட்டும் சொல்லுங்க. அவரு பேசவே மாட்டேங்கறாரு. எல்லாரும் சொல்லிச் சொல்லி, தப்பு தன்னோடதுதானோன்னு அவருக்கே ஆகிப்போச்சு." சல்லடை அந்த டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிஷம் முன்னால் இதே மொட்டைமாடியில் பைனாகுலரில் பார்த்தாகிவிட்டது. எட்டு நட்டு, எட்டு கோடு. ஒன்றுகூட உடையவில்லை. வரைபடத்தில் இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவே போட்டிருந்த இடைவெளி இரண்டு மீட்டர். அப்படியே இருந்தது.

"பக்கத்துல மாட்டினது தப்புன்னா, நாள் பூரா செவிடா இருக்கணும்" என்று அப்போதே சொன்னார் சல்லடை. "கரெக்டா நாலு மணிக்கு மட்டும் எப்படி? இரும்பு எங்கேயாவது கடிகாரம் பார்க்குமா?"

அதைத் தேடித்தான் உள்ளே வந்தார்கள். தேடியது கிடைத்ததா என்று தெரிவதற்குள் பூட்டு விழுந்துவிட்டது.

"இது கூலிங் கிளாஸ் வேலைதான்" என்றான் வாலு. கூலிங் கிளாஸ் என்பது பெரிய கம்பெனியின் இன்ஜினியர். ரூமுக்குள்ளேயும் கண்ணாடியைக் கழற்றாத ஜென்மம். "காலையிலேயே சொன்னான்ல, டவர் பக்கம் போகாதீங்க, ஆபத்துன்னு. அதை மிரட்டல்னு எடுத்துக்காம அக்கறைன்னு எடுத்துக்கிட்டோம்."

"ஆண்டெனா எப்படிச் செவிடாகுதுன்னு அவன் சொன்னது மட்டும் உருப்படி. இதைக் கொஞ்சம் நகர்த்து."

வாலு பெட்டி அடுக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்தான். சல்லடை அந்தச் சந்தில் தலையை நுழைத்தார்.

"தூரத்துலேர்ந்து ஒருத்தன் மெதுவா பேசறான், நீ காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கற. அப்ப உன் காதுகிட்ட வந்து நான் கத்தினா?"

"தினமும் அதானேக்கா நடக்குது."

"அதனால ஒரே டவர்ல இருக்கற ஆண்டெனா எல்லாம் ஒண்ணா கத்தணும், ஒண்ணா வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். அதுக்குத் தாளம் போடறது இந்தப் பெட்டிங்க. ஒரு கம்பெனிக்கு ஒண்ணு. ஒரு பெட்டி தாளம் நிறுத்திட்டா, அந்த ஆண்டெனா கண்ட நேரத்துல கத்தும். பக்கத்துல இருக்கறது செவிடாயிடும். எவ்வளவு நல்லா மாட்டியிருந்தாலும் சரி." அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது. "வாலு, டார்ச் அடி."

சின்னக் கம்பெனியின் தாளப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் பின்பக்கமாகக் கீழே இறங்கியது. பிளக் நேராகச் சுவருக்குப் போகவில்லை. நடுவில் உள்ளங்கை அளவில், வட்டமாக, ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பற்களோடு ஒரு சாதனம் உட்கார்ந்திருந்தது.

வாலு வாயைப் பிளந்தான். "இது எங்க வீட்டு மோட்டாருக்குப் போட்ட டைமர்! தண்ணி டேங்க் நிறையற நேரத்துக்கு நிறுத்தறதுக்கு."

"ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். அமுங்கின பல்லு வந்தா கரண்டு கட். எந்தப் பல்லு அமுங்கியிருக்கு பாரு."

இரண்டு பல். நாலு மணி. நாலே கால்.

 மூன்று வாரமாக ஊரே அண்ணாந்து டவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்தில், தூசிக்கு நடுவில், ஐந்நூறு ரூபாய்ச் சாமான் ஒன்று ஒரு மனுஷனின் பிழைப்பை அறுத்துக்கொண்டிருந்தது.

"ஏணிகிட்ட இந்த ரூம் சாவி கிடையாது" என்றான் வாலு மெல்ல. "டவர் ஏறறவங்க ஏறி இறங்கிப் போயிடுவாங்க. உள்ள வரவே மாட்டாங்க. கேஸ் முடிஞ்சுதுக்கா!"

"முடிஞ்சுது. வெளிய போய்ச் சொல்லணும், அவ்வளவுதான்."

வாலு கதவைப் பார்த்தான். கதவு வாலுவைப் பார்த்தது.

மூன்று இருபதுக்குச் சட்டை முதுகில் ஒட்டியது. மூன்று இருபத்தைந்துக்கு இரும்புச் சுவரில் கை வைத்தால் சுட்டது. வாலு கத்தினான், உதைத்தான், பெல்ட்டின் பக்கிளால் கதவில் ரயில் வண்டி ஓட்டினான். ஆறு மாடிக்குக் கீழே ஹாரன்கள் தங்கள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பெட்டிகளின் குட்டி ஃபேன்கள் சூட்டை எடுத்துச் சூட்டின் மேலேயே ஊதின. மூக்குக்குள் பிளாஸ்டிக் வாசனை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"திட்டறதுக்கு எச்சில் வேணும். சொல்லு."

"சாவி எங்க இருக்குன்னு கேட்டு மத்தியானம் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். லிஃப்ட்காரர்கிட்ட இருக்கு, ரூமைத் திறந்து வைக்கச் சொல்றேன், மூணு மணிக்குப் படியேறிப் போங்க, அப்பத்தான் மாடி காலியா இருக்கும்னாரு. நானும் நல்ல மனுஷன்னு…"

சித்தப்பா சின்னக் கம்பெனியின் சூப்பர்வைசர். ஏணிக்குச் சொந்தச் சித்தப்பா, அதனால் ஆபீஸ் முழுக்கவே சித்தப்பா. ஏணிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நேற்று, "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுடா கண்ணா, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று கண் கலங்கியதும் அவர்தான்.

 சல்லடை புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கூலிங் கிளாஸ் நம்ம பின்னாடியே வந்திருப்பான்க்கா. சரி, விடுங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடறேன். மொத்த டவரும் செத்துப்போனா எவனாவது ஓடி வரமாட்டானா?"

"வரமாட்டான். மொத்தமா போச்சுன்னா கரண்டு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவான். சாவுக்கு யாரும் அவசரப்பட மாட்டாங்க. சண்டைக்குத்தான் ஓடி வருவாங்க."

"புரியல."

"ஆண்டெனா உயிரோட இருக்கணும், ஆனா செவிடாகணும். அதுவும் நாலு மணிக்கு இல்ல, இப்பவே. நாலு மணின்னா வழக்கம்தானேன்னு உக்காந்திருப்பாங்க. மூணரைக்கே ஆச்சுன்னா? பெரிய கம்பெனி குதிக்கும், சின்னக் கம்பெனியைக் கையோட இழுத்துக்கிட்டு மாடிக்கு வரும்."

சல்லடை டைமரின் பற்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். கிளிக், கிளிக், கிளிக். மூன்றரையிலிருந்து ஆறு மணி வரைக்கும். தாளப் பெட்டியின் பச்சை விளக்கு ஒரு தரம் தடுமாறி, சிவப்பாகி, அணைந்தது.

"முந்நூறு பேர் பேச்சை அறுத்துட்டோம்" என்றான் வாலு.

"தினமும் அறுக்கறதுதான். இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம்."

பிறகு காத்திருப்பு. அதைவிடக் கொடுமை ஏதும் இல்லை. வாலு தரையில் உட்கார்ந்தான், படுத்தான், கதவுக்கு அடியில் இருந்த மயிரிழைச் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டான். மூன்று நாற்பது. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. மூன்று நாற்பத்தைந்து. தன் இறுதி ஊர்வலத்துக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தான். பார்சல் வராதவர்கள் நாலு பேர் நிச்சயம் வருவார்கள், கேட்டு வாங்கிக்கொண்டு போக.

"அக்கா, ஒருவேளை யாரும் வரலைன்னா?"

"வருவாங்க. ஒருத்தன் வந்தே ஆகணும். டைமர் ஏன் சீக்கிரம் அடிச்சுதுன்னு அவனுக்குப் பார்த்தாகணும்."

அப்போதுதான் லிஃப்ட் வந்து நிற்கிற அதிர்வு சுவரில் தெரிந்தது. காலடிகள். ஒன்று, இரண்டு, நிறைய. யாரோ யாரையோ திட்டிக்கொண்டு வந்தார்கள். வாலு கதவை இரண்டு கையாலும் அறைந்தான்.

திரும்பிப் பார்த்தால் சல்லடை கதவுப் பக்கமே வரவில்லை. பையைத் திறந்து எதையோ எடுத்து, பெட்டி அடுக்குக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார். "அடுக்கைப் பழையபடி தள்ளி வை. சீக்கிரம்."

"சூடு மூளைக்கு ஏறிடுச்சாக்கா?"

"தள்ளுடா!"

தள்ளினான். கதவு திறந்தது.

வெளிச்சமும் காற்றும் ஒன்றாக வந்து வாலுவின் முகத்தில் அறைந்தன. சாவியோடு லிஃப்ட்காரர், வாய் பிளந்தபடி. அவருக்குப் பின்னால் கூலிங் கிளாஸ், சித்தப்பா, கடைசியில் தலை குனிந்த ஏணி.

"ஐயையோ! யாருடா இவங்களை உள்ள வெச்சுப் பூட்டினது?" சித்தப்பாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. "அம்மா, என்னம்மா இது, வேர்த்துக் கொட்டுதே! டேய், பிடிடா, அம்மாவை நிழலுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. தண்ணி குடு!"

கூலிங் கிளாஸ் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக டவரின் கீழே போய் நின்றுகொண்டு அண்ணாந்து கத்தினான். "பாருங்க! நேத்து வரைக்கும் நாலு மணி. இன்னிக்கு மூணரைக்கே காது போச்சு! உங்க ஆண்டெனாவை இன்னும் ரெண்டு மீட்டர் இறக்குங்கன்னா கேக்கறீங்களா? என் போனு ஓயாம அடிக்குது!"

"இருங்க சார், இருங்க. நான் உள்ள போய்ப் பெட்டியை ஒரு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்" என்றார் சித்தப்பா. "நீங்க யாரும் வராதீங்க, உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது."

சல்லடை தண்ணீர் டேங்க் நிழலில் தரையில் உட்கார்ந்து, ஏணி கொடுத்த பாட்டிலைச் சாய்த்து மடமடவென்று குடித்தார். பக்கத்தில் வாலு. கூலிங் கிளாஸை அவன் முறைத்த முறைப்பில் அந்தக் கண்ணாடியே உருகியிருக்க வேண்டும்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கூலிங் கிளாஸின் போன் அடித்தது. கேட்டான். முகம் மாறியது. "லைன் வந்துடுச்சாம்!"

சித்தப்பா வெளியே வந்தார், வலது கை பேன்ட் பாக்கெட்டில்.

"கைராசிக்காரரு" என்றார் சல்லடை. "தொட்டதும் சரியாயிடுச்சு. என்னையும் கொஞ்சம் தூக்கி விடுங்க சித்தப்பா, கால் மரத்துப்போச்சு."

சித்தப்பா இடது கையை நீட்டினார்.

"அந்தக் கை."

"இதுவும் கைதானம்மா."

"எனக்கு வலது பக்கம்தான் பலம். அந்தக் கையைக் குடுங்க."

 சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். வாலுவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பசியில் கிடந்தவன் பந்தியில் பாய்ந்த மாதிரி எழுந்து பாய்ந்தான். பாக்கெட்டிலிருந்து அந்தக் கையை வெளியே இழுத்தான்.

ஐந்து விரலும் ஆரஞ்சு. பாக்கெட்டின் ஓரமும் ஆரஞ்சு. உள்ளே, ஆரஞ்சில் குளித்த ஒரு மோட்டார் டைமர்.

"கதவு திறக்கறதுக்கு முன்னாடிதான் டைமர் மேல பூசினேன்" என்றார் சல்லடை, தானாகவே எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு. "அடுக்குக்குப் பின்னாடி, கண்ணுக்குத் தெரியாத சந்துல. இந்த இன்ஜினியர் தம்பி மேலயே பார்த்தாரு. லிஃப்ட்காரர் எங்களைப் பார்த்தாரு. இப்படி ஒண்ணு அங்க இருக்குன்னு தெரிஞ்ச கை மட்டும்தான் அங்க போகும்."

"பூட்டச் சொன்னதும் இவருதாம்மா" என்றார் லிஃப்ட்காரர். "மூணு மணிக்குத் திறந்து வைக்கச் சொன்னாரு. அப்புறம், உள்ள யாரும் இல்ல, ஏசியை நிறுத்திப் பூட்டிட்டு வந்துடுன்னு போன்ல சொன்னாரு. பேசிக்கிட்டே பூட்டினதுல எதுவும் கேக்கல. தெரிஞ்சிருந்தா நான் பூட்டுவேனா?"

வாலு தலையைத் தொங்கப்போட்டான். மத்தியானம் தான் செய்த போன், அதற்கப்புறம் சித்தப்பா செய்த போன். நடுவில் முட்டாளாக நின்றது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கூலிங் கிளாஸ் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினான். சாதாரணமான, தூக்கம் கெட்ட இரண்டு கண்கள்.

"ஏன் சித்தப்பா?" என்றான் ஏணி. காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

"உன்னைக் கெடுக்கணும்னு இல்லடா." சித்தப்பா விரல்களைப் பேன்ட்டில் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பரவியது. "உங்க சித்தியோட தம்பி, அவன் கட்டடத்து மேல தனியா ஒரு டவர் போட்டுட்டான். இந்த டவர்ல நெருக்கடி, இங்க சரிப்படாதுன்னு ஆனாத்தான் நம்ம கம்பெனி அங்க வாடகைக்குப் போகும். ஒரு அட்டைதானே? வேற வேலை வாங்கித் தர்றதா இருந்தேன். இவங்களையும் அஞ்சு மணிக்கு நானே வந்து திறந்து விட்டிருப்பேன்டா, சத்தியமா."

"அஞ்சு மணிக்கு வந்திருந்தா திறந்திருக்க வேண்டாம்" என்றான் வாலு. "தூக்கிட்டுப் போயிருக்கலாம். அவிஞ்சே ரெடியா இருந்திருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் வரவில்லை.

ஏணி சித்தப்பாவின் பக்கம் போனான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து லிஃப்ட்காரர் ஒரு அடி பின்வாங்கினார். அவன் அடிக்கவில்லை. அந்தக் கையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, ஒரு நட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"நான் போட்ட கோடு ஒண்ணுகூட உடையல சித்தப்பா" என்றான். "இது உடைஞ்சிருச்சு."

கையை விட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அஞ்சு மணிக் காகிதத்தை எடுத்து, கிழிக்காமல், சல்லடையிடம் நீட்டினான். எழுதியிருந்தது எல்லாம் சித்தப்பாவின் எழுத்து. கீழே ஏணியின் பெயருக்கு நேரே இடம் காலியாக இருந்தது.

வாலு பழக்க தோஷத்தில் மணி பார்த்தான். சரியாக நாலு. எல்லோருடைய கண்ணும் தன்னால் கூலிங் கிளாஸின் போன் மேல் போனது. மூன்று வாரமாக இந்த நொடியில் அலறுகிற போன்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று.

அது அடிக்கவே இல்லை.